அப்பத்தா பார்த்த விமானம்

எங்கள் ஊர் காளையார்கோவில். சிவகங்கையிலிருந்து தொண்டி போகும் சாலையில் வந்தால், ஊருக்குள் நுழையும் முன்பே சொர்ண காளீஸ்வரர் கோயிலின் இரண்டு ராஜகோபுரங்களும் தெரிந்துவிடும். பெரிய கோபுரம் மருது சகோதரர்கள் கட்டியது. உயரம் 150 அடிக்கு மேல். அதன் உச்சியில் ஏறி நின்றால் மதுரைக் கோபுரம் தெரியும் என்று ஊரில் சொல்வார்கள். நான் ஏறிப் பார்த்ததில்லை. ஆனால், எட்டு வயதில் அதை அப்படியே நம்பினேன்.

1998 ஜூலையில் அம்மாவும் நானும் மெல்போர்னுக்குக் கிளம்பினோம். ஒன்றரை வருடம் முன்பே அப்பா அங்கே வேலைக்குப் போயிருந்தார். அவர் முகத்தைவிட எஸ்.டி.டி. பூத்தில் கேட்ட குரல்தான் எனக்குப் பழக்கம். ஊரில் அப்பத்தா மட்டும் தனியாக.

அப்பத்தாவுக்குக் கடல் கடந்த பயணம் புதிதில்லை. எங்கள் ஐயா சின்ன வயதிலேயே நாகப்பட்டினத்தில் ‘ரஜூலா’ கப்பல் ஏறி, பினாங்கில் செட்டியார் கடைக்குப் பெட்டியடிப் பையனாகப் போனவர்.

“உங்கய்யா ஒரு வாரம் தண்ணியிலேயே போனாக. நீங்க எத்தனை நாள்ல போவீக?”

“நாளைக் கழிச்சு மறுநாள் போயிருவோம் அப்பத்தா. மேல போகையில நம்ம கோபுரம் தெரியும்ல... நான் கை ஆட்டுறேன்.”

“சரி தாயி. நான் மாடியில நின்னு டார்ச் அடிக்கிறேன்.”

மீனம்பாக்கத்தில் ராத்திரி விமானம். எனக்கு ஜன்னல் சீட். மேலே ஏறியதும் சென்னையின் விளக்குகள் கொஞ்ச நேரம் தெரிந்தன. பிறகு ஒரே இருட்டு. அம்மா தூங்கிவிட்டாள். நான் கண்ணாடியில் நெற்றியை ஒட்டிக்கொண்டு இரண்டு கோபுரங்களைத் தேடினேன். எதற்கும் இருக்கட்டும் என்று கையையும் ஆட்டி வைத்தேன்.

ஐயா ஒரு வாரம் கடந்த கடலை நாங்கள் நாலு மணி நேரத்தில் கடந்துவிட்டோம். கோலாலம்பூரின் புது விமான நிலையம் திறந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. டிரைவர் இல்லாத ரயில், கட்டடத்துக்கு நடுவே நிஜக் காடு என்று பார்த்ததிலேயே பகல் போய்விட்டது.

அடுத்த விமானத்தில் எட்டு மணி நேரம். இறங்கும்போது காது வலித்து அழுதேன். அம்மா மிட்டாய் கொடுத்து, “எச்சியை முழுங்கு” என்றாள். முழுங்கும்போது தொண்டையிலிருந்து காதுக்குப் போகும் குழாய் திறந்து காற்றழுத்தம் சமமாகும் என்பதெல்லாம் பின்னால் படித்தது. அன்றைக்கு அது அம்மாவின் வைத்தியம்.

மெல்போர்னில் பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள். ஆஸ்திரேலியாவுக்குள் விதைகள் கொண்டுபோகக் கடும் கட்டுப்பாடு. பல்லாங்குழி ஆட அப்பத்தா முடிந்து கொடுத்த புளியங்கொட்டைகள் குப்பைத்தொட்டிக்குப் போயின. அழுதுகொண்டே வெளியே வந்தேன். குளிருக்கு ஸ்வெட்டரோடு நின்ற அப்பாவைப் பார்த்ததும் அம்மாவின் பின்னால் ஒளிந்துகொண்டேன். அவர் என்னைத் தூக்கவில்லை. அந்த ஸ்வெட்டரை என் தோளில் போட்டுவிட்டு, பேசாமல் கூடவே நடந்து வந்தார்.

நாலு வருடம் கழித்துத்தான் ஊருக்கு வர முடிந்தது. அதற்குள் பள்ளிக்கூட அட்லஸில் எல்லாம் பார்த்துவிட்டேன். சென்னையிலிருந்து எங்கள் ஊர் தெற்கே 400 கிலோமீட்டருக்கு மேல். கோலாலம்பூர் விமானம் அந்தப் பக்கமே வராது.

அப்பத்தா ஆரம்பித்தாள். “அன்னைக்கு ராத்திரி மாடியிலேயேதான் நின்னேன் தாயி. செவப்பும் பச்சையுமா மினுக்கிக்கிட்டுப் போச்சு. நீ கை ஆட்டுனியா?”

“ஆட்டுனேன் அப்பத்தா.” பொய் இல்லையே!

அப்பத்தா போய்ப் பல வருடங்கள் ஆகிவிட்டன. இப்போது சிங்கப்பூரிலிருந்து மதுரைக்கே நேரடி விமானம் இருக்கிறது. போன முறை அதில்தான் வந்தேன். தாழ இறங்கும்போது கீழே கண்மாய்களும் பொட்டல்களும் தெரிந்தன. எது எங்கள் ஊர் என்று கண்டுபிடிக்க முடியவில்லை. இருந்தாலும் கையை ஆட்டினேன்.

பக்கத்து சீட்டில் இருந்த பெரியவர், “யாரும்மா, தெரிஞ்சவங்களா?” என்றார்.

“எங்க அப்பத்தா” என்றேன்.