கசிந்த உண்மையும் திசைமாறிய கேள்வியும்

அரச இரகசியம் ஒன்று வெளியில் வந்தவுடன் நம்மவர்களிடையே இரண்டு குரல்கள் எழுவது வழக்கம். உண்மை வெளிவந்துவிட்டது என்று மகிழ்வது ஒன்று. வேண்டுமென்றே கசியவிட்டிருக்கிறார்கள், ஏமாறாதீர்கள் என்று எச்சரிப்பது மற்றொன்று. 2010இல் விக்கிலீக்ஸ் அமெரிக்கத் தூதரகத் தந்திகளை வெளியிட்டபோதும் இவ்விரு குரல்களும் கேட்டன.

பொய்யான இரகசியத்தைக் கசியவிடுவது போர்க்காலத்தின் பழைய தந்திரம். 1943இல் பிரித்தானியர், போலிக் கடிதங்கள் அடங்கிய பையொன்றைச் சடலத்தோடு பிணைத்து, ஸ்பெயின் கரையோரக் கடலில் விட்டார்கள். அதை நம்பிய ஜெர்மானியர் கிரேக்கத்துக்குப் படை அனுப்பினர். நேசநாடுகள் சிசிலியில் இறங்கின. ஆனால், மெய்யான ஆவணமும் இதே வேலையைச் செய்யுமா? செய்யும் என்பதற்கு வன்னியே சாட்சி.

வன்னிப் போரின் இறுதி மாதங்கள் பற்றி மர்சூகி தருஸ்மன், யஸ்மின் சூக்கா, ஸ்டீவன் ரட்னர் ஆகிய மூவர் கொண்ட நிபுணர் குழு ஆராய்ந்தது. அதன் அறிக்கை 2011 ஏப்ரல் 12இல் ஐ.நா. செயலாளர் நாயகம் பான் கீ மூனிடம் கையளிக்கப்பட்டது. 16ஆம் திகதியே அதன் பகுதிகள் கொழும்பின் 'ஐலண்ட்' ஆங்கில நாளேட்டில் வந்துவிட்டன. மறுநாள் ஜனாதிபதி மகிந்த ராஜபக்ஷ, மே தினத்தை அறிக்கைக்கு எதிரான நாளாக்குமாறு மக்களை அழைத்தார். ஐ.நா. அறிக்கையை முறைப்படி வெளியிட்டதோ 25ஆம் திகதி! நூலை வாசிக்கு முன்பே மதிப்புரை எழுதப்பட்டுவிட்டது.

கசியவிட்ட கை எதுவெனத் துப்பறிவது என் நோக்கமன்று. கசிந்தது பொய்யுமன்று. ஆயினும் பேச்செல்லாம் நாட்டின் இறைமை, வெளிநாட்டுச் சதி என்றே போயிற்று. அறிக்கையின் உள்ளே இருந்தவை பின்தள்ளப்பட்டன. பாதுகாப்பு வலயங்களிலும் மருத்துவமனைகளிலும் விழுந்த எறிகணைகள், மக்களை வெளியேறவிடாமல் புலிகள் தடுத்தமை, 40,000 வரையான பொதுமக்கள் இறந்திருக்கக்கூடும் என்ற மதிப்பீடு ஆகியவை அவற்றுட் சில. 2009இன் தொடக்கத்தில் உள்ளே 70,000 பேரளவில்தான் இருப்பதாக அரசாங்கம் சொல்லிற்று. இறுதியில் முகாம்களுக்கு வந்தவர்களோ ஏறத்தாழ 290,000 பேர். குறைத்துச் சொன்ன கணக்குக்கேற்பவே உணவும் மருந்தும் குறைந்தன. இதைப் பற்றித் தெற்கில் எத்தனை பேர் பேசினார்கள்?

செய்தித்தொழிலில் நீண்டகாலம் இருந்தவன் என்ற முறையில் ஒன்று சொல்வேன். கசிந்த ஆவணம் கைக்கு வந்தால், உண்மையா என்று மட்டும் கேட்டால் போதாது. ஏன் இன்று வந்தது, எந்தப் பகுதி முதலில் வந்தது, இதைப் பேசும் வேளையில் எதைப் பேசாமல் விடுகிறோம் என்றும் கேட்கவேண்டும்.

2017 பெப்ரவரியில் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் போராட்டம் தொடங்கினார்கள். போர் முடிந்த நாள்களில் தம் பிள்ளைகளைப் படையினரிடம் பலரறிய ஒப்படைத்ததாகச் சொல்பவர்கள் அவர்களுள் உண்டு. அவர்கள் கேட்கும் கேள்விக்கு எந்த இரகசியமும் கசியத் தேவையில்லை. பதில் சொன்னாற் போதும்.