யார் செலவில் நேரே பறப்பது?

பிட்ஸ்பர்க் விமான நிலையத்தில் 1992 இல் புது முனையம் திறந்தபோது அதற்கு 75 வாயில்கள் இருந்தன. சுற்றுவட்டாரத்தையெல்லாம் சேர்த்தாலும் இருபது லட்சத்துச் சொச்சம் பேர் வாழும் பகுதி அது. அத்தனை வாயில்களை நிரப்பும் அளவுக்கு அந்த ஊர்க்காரர்கள் பறப்பவர்கள் அல்லர். பின்னாளில் யுஎஸ் ஏர்வேஸ் என்று பெயர் மாற்றிக்கொண்ட யுஎஸ் ஏர், கிழக்கிலிருந்து வருபவர்களை அங்கே இறக்கி, மேற்கே போகும் விமானங்களில் மாற்றி ஏற்றிவிடுவதற்காகக் கட்டிய கட்டடம் அது. கூட்டத்தில் பாதிக்கும் மேற்பட்டோர் அப்படி மாறிப்போகிறவர்கள்தான்; பிட்ஸ்பர்க்கின் தெருவைக்கூட அவர்கள் பார்த்திருக்க மாட்டார்கள். அவர்கள் புண்ணியத்தில் உள்ளூர்க்காரருக்கு ஒரு பெரிய வசதி கிடைத்தது. வீட்டிலிருந்து கிளம்பினால் இடையில் எங்கும் இறங்காமல் எத்தனையோ ஊர்களுக்கு ஒரே மூச்சில் போய்விடலாம். 2004 இல் அந்நிறுவனம் பிட்ஸ்பர்க்கைத் தன் மையங்களின் பட்டியலிலிருந்து நீக்கியது. ஆண்டுக்கு ஏறத்தாழ 2 கோடியாக இருந்த பயணிகள் எண்ணிக்கை பத்தாண்டுக்குள் 80 லட்சம் அளவுக்கு இறங்கியது. ஊர் காலியாகிவிடவில்லை. புளோரிடாவுக்கும் கலிபோர்னியாவுக்கும் பிள்ளைகுட்டிகளோடு விடுமுறைக்குப் போகும் ஆசையும் யாருக்கும் குறையவில்லை. ஆனாலும் விமானங்கள் போய்விட்டன.

இடைநில்லா விமானங்கள் அருகிவருகின்றன என்று அமெரிக்க விடுமுறைப் பயணிகள் குறைப்படும்போதெல்லாம் அதற்கு உடனடியாகச் சொல்லப்படும் காரணம் நிறுவனங்களின் பேராசை. பேராசை இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் பேராசை 1992 இலும் இருந்தது. அப்போது விமானங்களும் இருந்தன. அதைவிட அடிப்படையான காரணம் ஒன்று உண்டு: விடுமுறைப் பயணி தன் இடைநில்லா விமானத்துக்கான முழுச் செலவை அநேகமாக எந்தக் காலத்திலும் கொடுத்ததில்லை. கொடுத்தவர்கள் வேறு ஆட்கள். அவர்கள் விலகியபோது விமானமும் விலகியது.

கணக்கைப் பார்த்தால் இது விளங்கும். 1978 வரை எந்த நிறுவனம் எந்தத் தடத்தில் என்ன கட்டணத்தில் பறக்கலாம் என்பதை அமெரிக்க அரசின் சிவில் ஏரோநாட்டிக்ஸ் வாரியம் முடிவு செய்தது. அந்த ஆண்டு அக்டோபரில் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம் அந்தக் கட்டை அவிழ்த்தது. தடத்தைத் தாங்களே தேர்ந்துகொள்ளலாம் என்றானதும் நிறுவனங்கள் ஹப் என்ற மைய முறைக்குப் பாய்ந்தன. இருபது ஊர்களையும் ஒரு மையத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வோர் ஊரையும் மற்ற எல்லா ஊர்களோடும் நேரே இணைக்க 210 தடங்கள் வேண்டும். எல்லாரையும் மையத்துக்குக் கொண்டுவந்து மாற்றி ஏற்றினால் இருபது தடங்களே போதும். அதே 210 ஊர்ச்சோடிகளுக்கும் டிக்கெட் விற்கலாம். செத்தபின் சொர்க்கத்துக்குப் போவதானாலும் அட்லாண்டாவில் இறங்கி மாறித்தான் போகவேண்டும் என்று அமெரிக்கத் தெற்கில் ஒரு பழைய கேலி உண்டு. டெல்டாவின் மையம் அட்லாண்டா. கேலி செய்தவர்களில் அட்லாண்டாக்காரர்கள் இருந்திருக்க மாட்டார்கள். மற்றவர்கள் மாறுவதற்காக வந்து நிரப்பிய இருக்கைகள்தான் அவர்களுக்கு நாலா திசையிலும் நேர் விமானம் வாங்கித் தந்தன.

அப்படி வந்தவர்களோடு இன்னொரு புரவலரும் இருந்தார்: கம்பெனிச் செலவில் பயணம் செய்பவர். திங்கள் காலை போய் வியாழன் மாலை திரும்புகிறவர் அவர். இரண்டு நாள் முன்னால் டிக்கெட் வாங்கி, கேட்ட விலையைக் கொடுத்துவிட்டுப் போவார். மூன்று மாதம் முன்பே மலிவு விலைக்குத் துழாவி எடுக்கும் குடும்பஸ்தர் அவர் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருப்பார். கட்டணமோ அதில் ஒரு சிறு பங்கு. நாளிதழின் அச்சுச் செலவில் பெரும்பகுதியை விளம்பரதாரர் ஏற்க, வாசகர் சில்லறைக்கு வாங்கிப் படிப்பதைப் போன்ற ஏற்பாடுதான் இது. தான் தரும் காசில்தான் பத்திரிகை வருகிறது என்று வாசகர் நினைத்துக்கொள்வதும் இயல்பே. விளம்பரம் குறையும்போதுதான் பக்கங்கள் ஏன் குறைகின்றன என்ற கேள்வி எழுகிறது.

பிட்ஸ்பர்க் தனிக்கதை அல்ல. செயின்ட் லூயிஸில் டிடபிள்யூஏ நிறுவனத்தின் மையம் இருந்தது. அந்நிறுவனத்தை 2001 இல் வாங்கிய அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 2003 இல் அங்கிருந்த விமானங்களைக் கடுமையாக வெட்டியது. நெரிசலைத் தீர்ப்பதற்கென்று நூறு கோடி டாலருக்கும் மேல் செலவிட்டு அந்த ஊர் கட்டிக்கொண்டிருந்த புது ஓடுபாதை 2006 இல் திறந்தது. அதற்குள் நெரிசலே போய்விட்டிருந்தது. மெம்ஃபிஸில் நார்த்வெஸ்ட் நிறுவனத்துக்கு மையம் இருந்ததால், பெருநகரம் என்று சொல்ல முடியாத அந்த ஊரிலிருந்து ஆம்ஸ்டர்டாமுக்கே நேர் விமானம் பறந்தது. 2008 இல் நார்த்வெஸ்ட் டெல்டாவோடு இணைந்தது. 2012 இல் ஆம்ஸ்டர்டாம் விமானம் நின்றது. 2013 இல் மையமே மூடப்பட்டது. அட்லாண்டா இவ்வளவு பக்கத்தில் இருக்க மெம்ஃபிஸ் எதற்கு என்ற டெல்டாவின் கணக்கில் தவறு கண்டுபிடிப்பது கடினம். 2014 இல் யுனைடெட் கிளீவ்லாந்தில் இதையே செய்தது. ஒவ்வொரு இணைப்பும் இரண்டு நிறுவனங்களின் மையங்களை ஒரு நிறுவனத்தின் கைக்குக் கொண்டுவந்தது, கூடுதலானவை கழிக்கப்பட்டன. 2008 ஜூலையில் கச்சா எண்ணெய் பீப்பாய்க்கு 147 டாலரைத் தொட்டது. ஐம்பது இருக்கை கொண்ட சின்ன ஜெட் விமானங்கள் அதோடு கட்டுப்படியாகாமல் போயின. 2009 இல் பஃபலோ அருகே நடந்த விபத்துக்குப் பிறகு துணை விமானிக்கும் 1500 மணிநேரப் பறக்கும் அனுபவம் வேண்டும் என்ற விதி 2013 இல் வந்தது. பாதுகாப்பு கருதிய விதிதான். ஆனால் சின்ன விமானங்களுக்கு விமானிகள் கிடைப்பது சிரமமானதற்கு அதையும் ஒரு காரணமாகச் சொல்வார்கள். 2022 இல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் டொலிடோ, இத்தகா போன்ற ஊர்களை விட்டுப் போனபோது அது சொன்ன காரணம் விமானிப் பற்றாக்குறைதான்.

இதற்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. மையம் போன ஊர்களில் கட்டணம் குறைந்ததே, அதை ஏன் சொல்லவில்லை என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஓஹியோவின் சின்சினாட்டிக்கான விமான நிலையம் ஆற்றுக்கு அக்கரையில் கென்டக்கியில் இருக்கிறது. டெல்டாவின் மையமாக அது கொடிகட்டிப் பறந்த 2005 இல் ஆண்டுப் பயணிகள் 2 கோடியைத் தாண்டினர். அதே காலத்தில் நாட்டிலேயே மிக அதிகக் கட்டணம் வாங்கும் நிலையங்களில் ஒன்று என்ற பெயரும் அதற்கு இருந்தது. வாசலில் நேர் விமானம் நிற்க, ஊர்க்காரர்கள் காரை எடுத்துக்கொண்டு டேட்டனுக்கும் கொலம்பஸுக்கும் ஓடி அங்கே மலிவாக ஏறினார்கள். டெல்டா சுருங்கிய பிறகு 2013 இல் எண்ணிக்கை 60 லட்சத்துக்கும் கீழே போனது. அந்த வெற்றிடத்தில் மலிவுக் கட்டண நிறுவனங்கள் நுழைந்தன. 2019 இல் எண்ணிக்கை 90 லட்சம் அளவுக்கு மீண்டது. பிட்ஸ்பர்க்கிலும் மையம் போன மறு ஆண்டே சவுத்வெஸ்ட் வந்தது. ஆக, மையம் இருந்த காலம் பொற்காலம் என்று அழுவதில் அர்த்தமில்லை. ஆனால் இந்த மறுப்பு என் வாதத்தை உடைக்கவில்லை, உறுதிதான் செய்கிறது. உள்ளூரில் போட்டியில்லாத ஒரு நிறுவனம், அவசரமாகப் போகவேண்டியவரிடம் கறந்த பணத்தில்தான் அந்த விமானங்கள் பறந்தன என்பதற்கு அந்த உயர்ந்த கட்டணத்தைவிட என்ன சாட்சி வேண்டும்?

அடுத்த மறுப்பு: விடுமுறைப் பயணிகளை மட்டுமே நம்பி இடைநில்லா விமானம் விடும் நிறுவனங்கள் இல்லையா? இருக்கின்றன. லாஸ் வேகாஸைத் தலைமையிடமாகக் கொண்ட அலீஜியன்ட் அதைத்தான் செய்கிறது. பெரிய நிறுவனங்கள் சீந்தாத சிற்றூர்களிலிருந்து லாஸ் வேகாஸுக்கும் புளோரிடாக் கடற்கரைக்கும் நேரே கொண்டுபோகும். எங்கும் மாற்றி ஏற்றும் வேலையே கிடையாது. எப்படிக் கட்டுப்படியாகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. பல ஆண்டுகள் அது பழைய எம்டி-80 விமானங்களை மலிவாக வாங்கி ஓட்டியது. விமானத்துக்குப் போட்ட முதல் குறைவு என்பதால் செவ்வாய், புதன் கிழமைகளில் அதைச் சும்மா நிறுத்திவைத்தாலும் நட்டம் பெரிதில்லை. ஒரு தடத்தில் வாரம் இரண்டு முறை, பெரும்பாலும் வியாழனும் ஞாயிறும் அல்லது வெள்ளியும் திங்களும். பெட்டிக்குத் தனிக்காசு, இருக்கையைத் தேர்ந்தால் தனிக்காசு. விடுமுறைப் பயணி உண்மையில் கொடுக்கத் தயாராக இருக்கும் தொகைக்கு என்ன கிடைக்கும் என்பதற்கு நேர்மையான விடை இதுதான் என்று எனக்குப் படுகிறது. கிடைப்பது வாரம் இரண்டு விமானம். நாள்தோறும் மூன்று அல்ல. ரத்தானால் அதே நிறுவனத்தின் அடுத்த விமானம் மூன்று நாள் கழித்து. அதற்குள் விடுமுறை பாதி முடிந்திருக்கும். டேவிட் நீல்மன் தொடங்கி 2021 முதல் பறக்கும் பிரீஸ், ஏர்பஸ் ஏ220 என்ற சிக்கனமான விமானத்தோடு இதே போன்ற நடுத்தர ஊர்களைப் பிடித்திருக்கிறது. புதிய விமானங்கள் சிக்கலைத் தீர்த்துவிடும் என்பவர்கள் அதைக் காட்டுவார்கள். ஓரளவு தீர்க்கும். எரிபொருள் மிச்சமானால் சின்னக் கூட்டத்துக்கும் பறக்கலாம். ஆனால் அந்தக் கூட்டம் தரும் காசு எவ்வளவு என்ற கேள்வி அப்படியே இருக்கும். மலிவுக் கட்டண நிறுவனமான ஸ்பிரிட் 2024 நவம்பரிலும் 2025 ஆகஸ்டிலும் திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றம் போனதை மறந்துவிடக் கூடாது.

அப்படியானால் குற்றம் பயணியுடையதா? மலிவு விலையின் வரிசைப்படி டிக்கெட்டுகளை அடுக்கிக் காட்டும் திரையில், முப்பது டாலர் குறைவு என்பதற்காக டென்வரில் மூன்று மணிநேரம் காத்திருக்கும் பயணத்தைத் தேர்ந்துவிட்டு, நேர் விமானம் ஏன் நின்றது என்று கேட்கிறவர்கள் நிறைய. அவர்களைப் பரிகாசம் செய்வது எளிது. நான் செய்யத் தயாரில்லை, ஏனென்றால் அந்த முப்பது டாலரே விசித்திரமானது. இரண்டு முறை ஏறி இறங்கும் விமானத்துக்கு எரிபொருள் அதிகம் போகும். ஒவ்வொரு தாவலுக்கும் அரசு தனி வரி போடுகிறது. விமான நிலையம் ஏறும் ஒவ்வோர் இடத்திலும் 4.50 டாலர்வரை வாங்கலாம். செலவு கூடிய பயணம் மலிவாகவும், செலவு குறைந்தது விலை கூடியும் விற்கப்படுவதற்குக் காரணம், நேர் தடத்தில் ஒரே நிறுவனமும் மாறும் தடத்தில் நான்கைந்து நிறுவனங்களும் இருப்பதுதான். துபாயிலோ தோஹாவிலோ நள்ளிரவில் மாறி அமெரிக்கா போகும் சென்னைக்காரருக்கு இந்த விலை விளையாட்டைப் பற்றிச் சொல்லவேண்டியதில்லை. அவருக்கு நேர் விமானம் என்ற தேர்வே இல்லை. மேலும், இடையில் மாறுவதன் விலை எல்லாருக்கும் ஒன்றல்ல. மடிக்கணினியோடு தனியே போகிறவருக்கு அது ஒரு காப்பி நேரம். சக்கர நாற்காலியில் தாயாரையும் கைக்குழந்தையையும் அழைத்துப் போகிறவருக்கு, முதல் விமானம் நாற்பது நிமிடம் தாமதமானால் முழு நாளும் போயிற்று. திரையின் விலைவரிசை இந்த இரண்டு பேரையும் ஒன்றாகவே நடத்துகிறது. அமெரிக்கப் போக்குவரத்துத் துறை 2024 இல் கொண்டுவந்த விதி இதில் கொஞ்சம் தெளிவு காட்டியது. வாங்கிய டிக்கெட்டில் மாறும் இடங்களின் எண்ணிக்கையை நிறுவனம் பின்னால் கூட்டினால், அதைப் பெரிய மாற்றம் என்று கருதி, பயணி மறுத்தால் பணத்தைத் திருப்பித்தர வேண்டும். நேரே போவதும் மாறிப்போவதும் ஒரே சரக்கல்ல என்பதை அரசே ஒப்புக்கொண்டதாக இதை எடுத்துக்கொள்ளலாம். பணம் திரும்பும், விமானம் திரும்பாது என்பது வேறு.

முன்பு கொடுத்தவர்கள் விலகிவிட்டார்கள் என்றால், அவர்கள் இடத்தில் யார் கொடுப்பது? இதற்கு மிகத் தெளிவான விடை ராக்கி மலைகளில் இருக்கிறது. கொலராடோவின் ஸ்டீம்போட் ஸ்பிரிங்ஸும் டெலுரைடும் சிறிய பனிச்சறுக்கு ஊர்கள். குளிர்காலத்தில் தொலைவான பெருநகரங்களிலிருந்து அவற்றுக்குப் பயன்படும் சிறு விமான நிலையங்களுக்கு இடைநில்லா விமானங்கள் வருகின்றன. மெம்ஃபிஸால் தக்கவைக்க முடியாததை இந்த ஊர்கள் எப்படிப் பிடித்துவைத்திருக்கின்றன? விமான நிறுவனங்களுக்குக் குறைந்தபட்ச வருவாய்க்கு உத்தரவாதம் கொடுத்து. இருக்கை நிரம்பாவிட்டால் குறையை ஊர் ஈடுகட்டும். அந்தப் பணத்தை விடுதிகளும் சறுக்கு மலைக்காரர்களும் உள்ளூர் வரியும் சேர்ந்து போடுகின்றன. வருகிற ஒவ்வொருவரும் ஒரு வாரத்தில் அங்கே செலவழிக்கும் தொகைக்கு முன்னால் அந்த ஈடு பெரிதல்ல என்பது அவர்கள் கணக்கு. நேர் விமானத்தால் உண்மையில் பிழைப்பவர் யாரோ அவரே அதன் செலவில் பங்கெடுப்பது எனக்குச் சரியாகவே தோன்றுகிறது.

ஊர்ப் பணத்தைத் தனியார் நிறுவனத்துக்குக் கொட்டுவதா என்ற ஆட்சேபத்தை மட்டும் தட்டிக்கழிக்க முடியாது. கிளம்பும் ஊர்கள் இதைச் செய்தபோது கையைச் சுட்டுக்கொண்டதும் உண்டு. பிட்ஸ்பர்க் சலுகைகள் கொடுத்து வரவழைத்த நிறுவனங்களில் ஒன்று ஐஸ்லாந்தின் வாவ் ஏர். 2017 இல் அங்கிருந்து ரெய்க்யவிக்குக்குப் பறக்கத் தொடங்கியது. 2019 மார்ச்சில் நிறுவனமே மூடப்பட்டது. கிளம்பும் ஊருக்கும் சேரும் ஊருக்கும் இதில் ஒரு வேறுபாடு உண்டு. பிட்ஸ்பர்க்கிலிருந்து உல்லாசமாக வெளியே போகிறவர் தன் பணத்தை வெளியேதான் செலவழிக்கிறார். அவர் போவதற்குத் தன் ஊரின் கருவூலம் ஏன் உதவவேண்டும் என்பதற்கு நல்ல விடை கிடையாது. சேரும் ஊருக்கு விடை இருக்கிறது, அதுவும் பணம் எந்த வரியிலிருந்து வருகிறது என்பதைப் பொறுத்து. விடுதி அறைக்கு விருந்தாளி கொடுக்கும் வரியிலிருந்து விமானத்துக்கு ஈடு கொடுத்தால், நேரே பறந்து வந்தவரே தன் செலவைக் கொஞ்சம் தாமதமாகக் கொடுக்கிறார் என்று பொருள். அதே ஊரில் அறைகளைக் கூட்டிப் பெருக்கும் தொழிலாளி வாங்கும் சோப்பின் மேல் விழும் விற்பனை வரியிலிருந்து கொடுத்தால், டல்லாஸ் குடும்பம் இடையில் இறங்காமல் வருவதற்கு அவரும் டிக்கெட் வாங்கியிருக்கிறார்.