சுறாவா, பெருங்கணவாயா?

தாம்பரத்திலிருந்து கடல் வெகுதொலைவில் இல்லை. கேம்ப் ரோடு, மேடவாக்கம், சோழிங்கநல்லூர் எனக் கிழக்கு நோக்கிச் சென்றால் சற்று நேரத்தில் உப்புக்காற்று முகத்தில் படும். ஆயினும் நமக்கும் கடலுக்குமான உறவு ஞாயிற்றுக்கிழமை மீன்கடையோடு முடிந்துவிடுகிறது. நெய்தல் திணையை இருபது ஆண்டுகளாகக் கற்பித்துவரும் நம் நிலையும் இதுவே.

சென்ற ஆண்டு ஒரு பிற்பகல், குறுந்தொகையின் 269ஆம் பாடலை நடத்திக்கொண்டிருந்தோம். தலைவனுக்குச் செய்தி சொல்ல ஆளில்லையே என ஏங்கும் தலைவியின் கூற்று அது. சுறா தாக்கிய புண் ஆறித் தந்தை மீண்டும் கடலுக்குப் போய்விட்டார். தாயோ உப்பை மாற்றி வெண்ணெல் வாங்க உப்பளம் சென்றிருக்கிறாள். வீட்டில் எவருமில்லை, அவன் வருவதற்கு இதுவே தக்க வேளை. அப்போது கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல் எழுந்தது: "ஐயா, சுறாவோடு சண்டையிடுவது ஆபத்தா, ராட்சதக் கணவாயோடு சண்டையிடுவது ஆபத்தா?"

வகுப்பு இரண்டாகப் பிரிந்தது. நாமும் அந்த விளையாட்டில் கலந்துகொண்டோம். 1870இல் நூலாக வந்த ஜூல் வெர்னின் கடலடிப் பயண நாவலைச் சிறுவயதில் சுருக்கப் பதிப்பில் படித்த மயக்கம் நமக்கு இன்றும் தீரவில்லை. சுறாவுக்கு வாய் ஒன்றுதான். கணவாய்க்கோ எட்டுக் கரங்கள், இரு நீண்ட உணர்கொம்புகள், பல் பதித்த உறிஞ்சுகள், நடுவே கிளிமூக்கு போன்ற அலகு. ஆகவே கணவாயே கொடியது என்று தீர்ப்பளித்தோம். மணி அடித்தது.

அன்றிரவு தேடிப் படித்தபோது தீர்ப்பு ஆட்டம் கண்டது. பெருங்கணவாய் 12 மீட்டர் வரை வளரும் என்பது மெய்தான். ஆனால் அது வாழ்வது பல நூறு மீட்டர் ஆழத்தில். தன் வாழிடத்தில் உயிரோடு உலவும் பெருங்கணவாயை ஜப்பானிய ஆய்வாளர்கள் முதன்முதலாக ஒளிப்படம் எடுத்ததே 2004இல்தான். அது மனிதர் எவரையும் கொன்றதாக உறுதிப்பட்ட நிகழ்வு ஒன்றுகூட இல்லை. எண்ணெய்த் திமிங்கிலத்துக்கு அது இரை. திமிங்கிலத்தின் தோலில் காணும் வட்ட வடுக்களே அந்தப் போருக்குச் சாட்சி.

சுறாவின் கணக்கு வேறு. அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் பேணப்படும் உலகப் பதிவேட்டின்படி, சீண்டாத நிலையில் சுறா தாக்கி இறப்போர் ஆண்டுக்குச் சராசரியாக ஐந்தாறு பேர். மனிதர் கொல்லும் சுறாக்களோ ஆண்டுக்கு ஏறத்தாழ 10 கோடி என 2013இல் வெளிவந்த ஓர் ஆய்வு மதிப்பிட்டது.

நம் முன்னோர் இதனை எப்படி எதிர்கொண்டனர்? பட்டினப்பாலையில் வரும் பரதவர் முழுநிலா நாளில் மீன்பிடிக்கச் செல்லாமல், சினைச்சுறாவின் கொம்பை நட்டு அதில் தெய்வத்தை ஏற்றி வழிபடுகின்றனர். அத்தகைய கொம்பு உடையது இன்று வேளா எனப்படும் மீன். உயிரியலார் அதைத் திருக்கை இனத்தில் சேர்ப்பர். 2001 முதல் அது நாட்டின் பாதுகாக்கப்பட்ட உயிரினப் பட்டியலில் இருக்கிறது. மன்னார் வளைகுடாவின் முத்துக்குளிப்பில் சுறாவின் வாயை மந்திரத்தால் கட்டுவோர் இருந்தனர். கடல்கட்டிகள் என்பது அவர்களின் பெயர். முத்தில் இருபதில் ஒரு பங்கு அவர்களுக்குக் கூலி என 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கு வந்த மார்க்கோ போலோ குறித்துள்ளார். 1859இல் இலங்கையைப் பற்றி நூல் எழுதிய எமர்சன் டென்னன்ட், அப்பணி ஒரே குடும்பத்தின் பரம்பரை உரிமை என்றும், அப்போதைய தலைவர் கத்தோலிக்கர் என்றும் எழுதுகிறார். மதம் மாறியும் அச்சம் மாறவில்லை போலும்.

இத்தனையும் திரட்டிக்கொண்டு மறுநாள் வகுப்புக்குப் போனோம். பேசி முடித்ததும் முன்வரிசை மாணவி ஒருத்தி தயங்கியபடி அருகில் வந்தாள். கோவளத்துக்கு அருகே ஒரு மீனவக் குப்பம் அவளது ஊர். "ஐயா, எங்கப்பாவுக்குச் சுறா கடிச்சிருக்கு. நேத்து நீங்க எல்லாரும் சிரிச்சப்போ சொல்ல முடியலை."

அடுத்த ஞாயிறன்று அவர் வீட்டுக்குச் சென்றோம். வலக்கையில் இரு விரல்கள் இல்லை. மற்ற விரல்களால் வலையின் கிழிசலைக் கோத்துக்கொண்டே பேசினார்.

"தண்ணியில அது என்னை ஒண்ணும் பண்ணலை சார். வலையில மாட்டினதை இழுத்துப் படகுல போட்டது நான்தான். செத்துடுச்சின்னு நெனச்சேன். சாவலை. அதுக்கும் உசுரு இருக்குல்ல?"

மூன்று மாதம் கரையில் கிடந்தாராம். அந்த மூன்று மாதமும் மனைவி கூடை சுமந்து மீன் விற்றுக் குடும்பத்தை நடத்தினார். "அப்புறம் கடலுக்குப் போனீங்களா?" என்று கேட்டோம். "போவாம?" என்றார், அப்படி ஒரு கேள்வி உண்டா என்பதுபோல.

பெருங்கணவாயைப் பற்றியும் சொன்னோம். "அவ்ளோ பெரிய கடமா மாட்டினா லாட்டரிதான் சார்" என்று சிரித்தார். அதன் சதை முழுவதும் நவச்சாரக் கரைசல் கலந்திருக்கும், வாயில் வைக்க முடியாது என்றோம். "அப்ப அதோட எதுக்குச் சண்டை?" என்று கேட்டார். நம்மிடம் விடையில்லை.

எது கொடியது என்னும் வினாவைக் கரையில் இருப்பவரே கேட்கிறோம். கடலில் இருப்பவருக்கு அது சண்டையன்று, தொழில். அந்தப் பாடலை நாம் இத்தனை ஆண்டும் எப்படி நடத்தினோம்? தந்தை வீட்டில் இல்லை என்ற குறிப்பைக் காட்டிவிட்டுக் களவுக்கு விரைந்து போய்விடுவோம். அவருடைய புண்ணில் ஒருநாளும் நின்றதில்லை. புண் ஆறும்வரை அவ்வீட்டில் உலை எப்படிக் கொதித்தது என்று எண்ணியதில்லை. தாய் உப்பளத்துக்குப் போனதன் பொருளும் கூடை சுமந்த அந்த அம்மையாரைக் கண்டபிறகே நமக்கு விளங்கிற்று.

புறப்படும்போது, சுறாப்புட்டு சாப்பிட்டுத்தான் போகவேண்டும் என்றார் அந்த அம்மையார். சாப்பிட்டோம். விரலில்லாத அந்தக் கைதான் தட்டை நம் பக்கம் நகர்த்தியது.