நடுவிலே ஒரு பள்ளம்

என் தந்தையார் விருதுநகரில் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தார். பள்ளி விட்டு வந்ததும் கடைவாயிலில் அமர்ந்து பஞ்சர் ஒட்டுவது என் வேலை. காற்று இறங்கிய டியூபை உருவி எடுத்து, தண்ணீர்ச் சட்டியில் அமிழ்த்தி, குமிழி எழும் இடத்தைக் கண்டு, உப்புத்தாளால் தேய்த்து, 'சொல்யூஷன்' தடவி ஒட்டுப்போட்டு, மீண்டும் டயருக்குள் செலுத்திக் காற்றடிப்பதற்கு எனக்குப் பத்து நிமிடம் போதும். ஆதலால் சக்கரத்தைப் பற்றி இனி ஒருவரிடம் கேட்டறிய வேண்டியது ஒன்றும் இல்லை என்ற எண்ணம் இளமையிலேயே என் உள்ளத்தில் வேரூன்றிவிட்டது. ஐம்பது வயதைக் கடந்த பிறகு ஒருநாள் அந்த வேர் ஆட்டம் கண்டது.

சில ஆண்டுகளுக்குமுன், சாலையில் விரைந்து செல்வதற்கென்றே செய்யப்பட்ட இலேசான மிதிவண்டி ஒன்றை வாங்கினேன். அதன் சக்கரங்களில் டியூப் இல்லை, 'டியூப்லெஸ்' வகை. டயரும் ரிம்மும் ஒன்றையொன்று இறுகப் பற்றிக் காற்றை அடக்கி வைத்திருக்கும். உள்ளே ரப்பர்ப்பால் கலந்த நீர்மம் சிறிது ஊற்றியிருப்பர். முள் குத்தினால், வெளியேறும் காற்று அந்நீர்மத்தையும் உடன் இழுத்துவரும்; அது துளையில் உறைந்து அடைத்துக்கொள்ளும். சீமைக்கருவேலம் இருமருங்கும் அடர்ந்த எங்கள் ஊர்ச் சாலைகளுக்கு இதைவிட ஏற்றது வேறு இல்லை என்றார் கடைக்காரர். அவர் சொன்னது பொய்யன்று. ஆயினும் அந்நீர்மம் சில திங்களில் உலர்ந்துபோகும் என்பதையும், எங்கள் வெயிலில் இன்னும் விரைவில் உலரும் என்பதையும் நான்தான் நினைவில் வைக்கவில்லை.

சித்திரைத் திங்களில் ஒருநாள் விடியற்காலை அருப்புக்கோட்டைச் சாலையில் சென்றுகொண்டிருந்தேன். முன்சக்கரத்தில் 'புஸ்' என்று ஓர் ஒலி. இறங்கிப் பார்த்தேன். கருவேலமுள் ஒன்று டயரில் தைத்திருந்தது. நீர்மம் வந்து அடைக்கும் என்று காத்திருந்தேன். காற்று முழுவதும் போயிற்றே அன்றி, ஒரு சொட்டு நீர்மமும் வெளிவரவில்லை.

டியூப்லெஸ் சக்கரத்திலும் டியூப் இட்டு ஓட்டலாம் என்பது எனக்குத் தெரியும். பையில் இரண்டு டியூப்கள் இருந்தன. ஆனால் டயர் ரிம்மை விட்டு அசைந்தால் அல்லவா உள்ளே எதையேனும் இட முடியும்? கட்டைவிரல் நோகும் வரை அழுத்திய பின்னரே அதன் ஓரம் விடுபட்டது. உள்ளே துணியைச் செலுத்தித் துடைத்தேன். துணி ஐந்து இடங்களில் சிக்கியது. முன்னரே தைத்து, நீர்மத்தால் அடைபட்டு, நான் அறியாமலே என்னுடன் பயணம் செய்துவந்த முட்கள் அவை! அவற்றைப் பிடுங்கி எறிந்தேன். ரிம்மில் பொருத்தியிருந்த வால்வைக் கழற்றிவிட்டு, டியூபை இட்டு, தந்தையாரின் கடையில் செய்தவாறே வால்வின் அருகே தொடங்கி டயரை ஏற்றிக்கொண்டு போனேன். முக்கால் பங்கு எளிதாக ஏறிற்று. எதிர்ப்புறத்தில் எஞ்சிய ஒரு சாண் நீளமோ இம்மியும் அசைய மறுத்தது. பொறுமை இழந்து நெம்புகோலைச் செருகித் தூக்கினேன். டயர் ஏறியது, டியூபில் இரண்டு கீறல்கள் விழுந்தன. இரண்டாம் டியூப் எப்படியோ தப்பியது. கையடக்கப் பம்பினால் இயன்றமட்டும் காற்றடித்து, மெல்ல வீடு வந்து சேர்ந்தேன்.

அப்பொழுது என் தமக்கையின் மகன் விடுமுறைக்கு எங்கள் வீட்டிற்கு வந்திருந்தான். பத்தாம் வகுப்பு மாணவன். மறுநாள் காலை என் வண்டியை ஓட்டித் தருவதாக அவனுக்கு வாக்களித்திருந்தேன் என்பதைவிட, அவனே ஓட்டிப் பார்க்க இசைந்திருந்தேன் என்பதே பொருத்தம். ஊர்ப்புறத்து மேம்பாலத்தில் ஏறி இறங்க வேண்டும் என்பது அவனுடைய ஆசை. அதற்காக மாலையில் பெரிய பம்பினால் முழு அளவிற்குக் காற்றடித்து வண்டியைக் கூடத்தில் சாத்திவைத்தேன்.

இரவு உணவு முடித்துப் பேசிக்கொண்டிருந்தோம். திடீரென்று கூடத்தில் வெடி வெடித்தாற்போன்ற ஓசை எழுந்தது. வீதியில் இருந்தவர்கள் ஓடிவந்தார்கள். வண்டியின் முன்சக்கரத்தில், வால்வின் அருகே டயர் ரிம்மை விட்டு வெளியே வந்து கிடந்தது. டியூப் ஒரு விரற்கடை நீளம் கிழிந்திருந்தது. டயரின் ஓரத்திற்கு அடியில் டியூப் அகப்பட்டு நசுங்கியிருந்திருக்கிறது. அதனால் அவ்விடத்தில் ஓரம் தன் இருப்பிடத்தில் அமரவே இல்லை. நான் அதனைப் பார்க்கவும் இல்லை.

பின்சக்கரம் வெடித்தால் வண்டி தள்ளாடும். முன்சக்கரம் வெடித்தால் விழாமல் தப்புவது அரிது. அது மேம்பாலத்துச் சரிவில் நிகழ்ந்திருந்தால்? பையன் ஒன்றும் சொல்லவில்லை. என் தமக்கை என்னை ஒருமுறை பார்த்தாள். அப்பார்வையை இன்றும் நான் மறக்கவில்லை.

உறக்கம் வரவில்லை. சக்கரத்தைக் கழற்றி விளக்கடியில் வைத்துக்கொண்டு அமர்ந்தேன். பையனும் வந்து எதிரே அமர்ந்தான்.

"மாமா, இந்த ரிம்மின் நடுவிலே பள்ளம் இருக்கிறதே, அது எதற்கு?" என்று கேட்டான்.

நான் வாய் திறக்கவில்லை. ஆயிரம் டயர் மாட்டிய கைகள். ஆயினும் அக்கேள்வியை ஒருநாளும் கேட்டதில்லை.

இருவரும் உற்றுநோக்கினோம். நடுவில் வாய்க்கால்போல ஒரு பள்ளம். அதன் இருபுறமும் டயரின் ஓரம் அமர்வதற்கு மேடை. மேடைக்கும் பள்ளத்திற்கும் இடையே சிறு வரப்பு. காற்றுக் குறைந்தாலும் ஓரம் பள்ளத்தில் நழுவாதபடி காப்பது அவ்வரப்பு. சாலையில் என் கட்டைவிரலை வருத்தியதும் அதுவே. டயரின் பக்கத்தில் 28-622 என்று பொறித்திருந்தது. 28 டயரின் அகலம், 622 அதன் ஓரம் அமரும் வட்டத்தின் விட்டம், இரண்டும் மில்லிமீட்டர். ஆகவே சுற்றளவு ஏறக்குறைய 1,954 மில்லிமீட்டர். ஓரத்தினுள் இருக்கும் வடமோ நீளாதது. அஃது எவ்வாறு தன்னினும் பெரிய ரிம்மின் சுவரைத் தாண்டி உள்ளே செல்லும்?

பையன் தாளும் எழுதுகோலும் எடுத்தான். "பாதி வட்டம் மேடையிலிருந்து 3 மில்லிமீட்டர் கீழே, பள்ளத்தில் இறங்கினால், 9 மில்லிமீட்டருக்குமேல் தளர்ச்சி கிடைக்கிறது, மாமா! அந்தத் தளர்ச்சியைக் கொண்டு மறுபுறம் தாண்டிவிடலாம்" என்றான்.

என் தவறு அப்பொழுதுதான் விளங்கிற்று. வால்வு இருக்கும் இடத்தில் டியூபின் தடித்த அடிப்பகுதி பள்ளத்தை அடைத்துக்கொள்ளும். அங்கே தொடங்கி எதிர்ப்புறத்தில் முடித்தால், தளர்ச்சி வேண்டிய நேரத்தில் ஓரம் பள்ளத்தில் இறங்க வழியில்லை. என் தந்தையார் கடையின் பழைய டயர்கள் தளர்வானவை. எந்த முறையையும் பொறுத்துக்கொண்டன. இந்த டயர் பொறுக்கவில்லை. நீளாத கம்பி ஓரத்தையும் நடுப்பள்ளத்தையும் இணைத்து 1890ஆம் ஆண்டிலேயே சார்லஸ் கிங்ஸ்டன் வெல்ச் என்ற ஆங்கிலேயர் காப்புரிமை பெற்றிருக்கிறார் என்று பின்னர் படித்தேன். பெல்பாஸ்ட் நகரத்துக் கால்நடை மருத்துவர் டன்லப், காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை பெற்று இரண்டே ஆண்டுகள் கழிந்த காலம் அது.

காலையில் கீறிய டியூபிற்கு ஒட்டுப்போட்டோம்; அந்த வேலையிலாவது என் கை பழுதுபடவில்லை. ஆரக்கம்பித் துளைகளை மூடியிருந்த நாடாவை அப்படியே விட்டு, உலர்ந்த நீர்மத்தை மட்டும் துடைத்தோம். டியூபிற்கு உருவம் வரும் அளவு சிறிது காற்று ஊதி உள்ளே வைத்தோம். வால்விற்கு எதிரே தொடங்கி, இருகைகளாலும் ஓரத்தைப் பள்ளத்தில் அழுத்திக்கொண்டே வந்து, வால்வில் முடித்தோம். கடைசிச் சாண் கட்டைவிரலுக்கே இணங்கிற்று, நெம்புகோல் தேவைப்படவில்லை. பிறகு வால்வை உள்நோக்கி ஒருமுறை தள்ளிவிட்டோம். ஓரத்தின் அடியில் அகப்பட்ட டியூப் அதனால் விடுபடும். ஓரங்களில் சோப்பு நீர் தடவி, சிறிது காற்றடித்து, டியூப் எங்கேனும் தெரிகிறதா என்று இருபுறமும் விரலால் விலக்கிச் சுற்றிலும் பார்த்தோம். அதன்பின் காற்று ஏற ஏற, ஓரம் வரப்பைத் தாண்டி மேடையில் ஏறும் ஓசை 'டப், டப்' என்று கேட்டது. டயரின் ஓரத்தில் உள்ள மெல்லிய கோடு ரிம்மிலிருந்து எங்கும் ஒரே அளவு விலகி நின்றது.

எவ்வளவு காற்று அடிப்பது என்பதிலும் விருப்பம்போல் நடக்க இயலாது. என் ரிம்மின் சுவரில் டயரைப் பற்றும் கொக்கி உண்டு. கொக்கி இல்லாத ரிம்களும் இக்காலத்தில் வருகின்றன. அவற்றில் டியூப் இட்டாலும் 5 'பார்' அழுத்தத்தை மீறக்கூடாது. அவற்றிற்கென்று குறித்த டயரே மாட்டவேண்டும்.

அன்றிரவு முழுவதும் சக்கரம் கூடத்திலேயே இருந்தது. காலையில் காற்றுக் குறையவில்லை. முதலில் நானே பாலத்தில் ஏறி இருமுறை இறங்கினேன். மூன்றாம் முறை அவன் இறங்கினான். நான் பாலத்தடியில் நின்று, அவன் முகத்தைப் பாராமல் முன்சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.