சூளகிரி பஸ்ஸும் ஒரு கரியமிலக் கணக்கும்

காலை ஏழேகால் மணி. சூளகிரி. ஒரு பக்கம் கொத்தமல்லிக் கட்டு ஏற்றிய மினி லாரிகள், மறுபக்கம் ஷிப்டுக்கு ஆள் ஏற்றும் கம்பெனி பஸ்கள். தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் ஒரே டீக்கடையில் கேட்கும். நடுவில் தேசிய நெடுஞ்சாலை 44, ஒரு நொடியும் ஓயாமல் இரைந்துகொண்டிருக்கிறது.

அந்தக் கூட்டத்தில் ஒரு பி.காம் மூன்றாமாண்டு மாணவன் நிற்கிறான். ஓசூர்ப் பக்கம் இருக்கும் தன் கல்லூரியின் பஸ்ஸுக்காகக் காத்திருக்கிறான். பஸ் வருகிறது. ஐம்பது சீட். ஏறுவது பதினெட்டே பேர். அதிலும் பாதிக்கு மேல் உள்கிராமங்களிலிருந்து நடந்தும் ஷேர் ஆட்டோவிலும் வந்து சேரும் பெண்கள்.

ஒருநாள் டிரைவர் அண்ணன் சொன்னார்: "அடுத்த செமஸ்டர்ல இந்த ரூட்டு இருக்காது போல தம்பி. டீசலுக்கே கட்டலைன்னு பேசிக்கிறாங்க."

அதே வாரம் கல்லூரி சுற்றுச்சூழல் மன்றம் ஒரு கட்டுரைப் போட்டி அறிவித்தது. தலைப்பு: "நம் வளாகத்தில் பசுமைக்குடில் வாயுக்களைக் குறைப்பது எப்படி?" வழக்கம்போல எல்லோரும் பனிக்கரடியில் ஆரம்பித்து, துருவப் பனியை உருக்கி, கடைசியில் ஆளுக்கொரு மரம் நட்டு முடித்துவிட்டார்கள். இவனுக்கு வேதியியல் வராது. வந்தது கணக்கு மட்டும்தான். அதனால் ஒரு லெட்ஜர் நோட்டை எடுத்துப் பத்தி பிரித்தான்.

உலகம் முழுக்க நிறுவனங்கள் இந்தக் கணக்கை மூன்று தலைப்பில் எழுதுகின்றன. ஒன்று, தானே எரிப்பது: ஜெனரேட்டர் டீசல், கேன்டீன் கேஸ், சொந்த வண்டிகள். இரண்டு, விலைக்கு வாங்கும் மின்சாரம். மூன்று, தன்னால் மற்றவர்கள் வெளியிடுவது: மாணவர்கள் ஓட்டி வரும் பைக், வாங்கும் பொருட்கள், கொட்டும் குப்பை. காமர்ஸ் படித்தவனுக்கு இது புரியாதா என்ன? நேரடிச் செலவு, மறைமுகச் செலவு, அவ்வளவுதான்.

முதலில் மின்சாரம். நம் நாட்டு மின்கட்டமைப்பில் ஒரு யூனிட்டுக்குச் சராசரியாக 0.7 கிலோ கரியமில வாயு. வகுப்பறை மின்விசிறி பழைய ரகம் 75 வாட், புதிய பி.எல்.டி.சி. ரகம் 30 வாட்டுக்குள். 400 விசிறி, நாளுக்கு 6 மணி நேரம், வருடத்துக்கு 200 நாள் என்று வைத்தால் மிச்சம் 21,600 யூனிட். அதாவது சுமார் 15 டன் வாயு. நல்ல விஷயம்தான். ஆனால் ஒரு விசிறி 3,000 ரூபாய் என்றால் முதலீடு 12 லட்சம். யூனிட் 8 ரூபாய் என்றாலும் போட்ட பணம் திரும்ப ஏழு வருடம் ஆகும். எந்த நிர்வாகமும் தயங்கும். அதனால் அவன் எழுதிய யோசனை வேறு: எல்லாவற்றையும் ஒரே நாளில் கழற்ற வேண்டாம், எரிந்துபோகும் விசிறிக்குப் பதிலாக மட்டும் புதிய ரகம் வாங்குங்கள். எப்படியும் ஒன்று வாங்கத்தானே போகிறோம்? கூடுதல் விலை மட்டுமே முதலீடு, பாதிக் காலத்தில் திரும்பிவிடும்.

அடுத்து கேன்டீன். 19 கிலோ வணிக சிலிண்டர் ஒன்று தீர்ந்தால் ஏறக்குறைய 57 கிலோ கரியமில வாயு. இதற்கு வழி ரொம்பத் தூரத்தில் இல்லை. ஆரோவில்லில் சூரிய சமையற்கூடம் 1997 முதல் இருக்கிறது. கூரைமேல் 15 மீட்டர் அகல வட்டக் கிண்ணம். வெயிலைக் குவித்து நீராவி உண்டாக்கி, வெயில் நன்றாக அடிக்கும் நாளில் ஆயிரம் பேருக்குச் சமைக்க உதவும்படி அமைத்தது.

நோட்டில் அவனை அதிர வைத்த வரி கம்ப்யூட்டர் லேபில் கிடைத்தது. பழைய ஏ.சி.க்களில் இருப்பது ஆர்-22 என்ற வாயு. அது ஒரு கிலோ கசிந்தால் 1,800 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். வருடாவருடம் "கேஸ் டாப்-அப்" செய்கிறார்களே, பழைய கேஸ் எங்கே போனது? காற்றில்தான். டாப்-அப் செய்வதற்கு முன் ஓட்டையை அடையுங்கள் என்று சிவப்பு மையில் எழுதி வைத்தான்.

இப்போது பஸ். நாளொன்றுக்குப் போக வர 60 கிலோமீட்டர். லிட்டருக்கு நாலு கிலோமீட்டர் என்றால் 15 லிட்டர் டீசல். லிட்டருக்கு 2.68 கிலோ வீதம், தினம் 40 கிலோ வாயு. இதே தூரத்துக்கு ஒரு பைக் 1.2 லிட்டர் பெட்ரோல் குடிக்கும், வாயு சுமார் 2.8 கிலோ. அப்படியானால் பஸ்ஸின் பிரேக்-ஈவன் பாயின்ட் பதினைந்து பேர். அதற்குக் கீழே போனால் பைக்கே மேல். பதினெட்டு பேர் என்றால் ஆளுக்கு 2.2 கிலோ. ஐம்பது பேரும் ஏறினால் 0.8 கிலோ!

இங்கேதான் பேனா நின்றது.

பஸ்ஸை நிறுத்தினால் கல்லூரியின் நேரடிக் கணக்கில் தினம் 40 கிலோ குறையும். "எங்கள் வளாகம் இவ்வளவு குறைத்தது" என்று போர்டு கூட வைக்கலாம். ஆனால் பதினெட்டு பேரும் பைக்கில் வந்தால் 50 கிலோ. அது மூன்றாவது தலைப்பில், யாரும் கூட்டிப் பார்க்காத பத்தியில் போய் உட்காரும். சரி, பைக் இல்லாத அந்தப் பெண்கள்? அரசு பஸ் என்றால் ஓசூரில் மாற வேண்டும், முதல் பீரியட் போய்விடும். சில வீடுகளில் "போனது போதும்" என்று நிறுத்திவிடுவார்கள். படிப்பை விட்டவள் வெளியிடும் வாயு பூஜ்யம். கணக்குப்படி அதுதான் ஆகச் சிறந்த குறைப்பு! இதைச் சாதனை என்று எந்த ஆடிட்டர் கையெழுத்துப் போடுவார்?

பெரிய பல்கலைக்கழகங்களும் இந்தக் காகிதக் கணக்கில் சறுக்கியிருக்கின்றன. அமெரிக்காவின் கலிபோர்னியா பல்கலைக்கழகம், 2025-க்குள் கரியமில நடுநிலை அடைவோம் என்று 2013-ல் அறிவித்தது. அதில் ஒரு பகுதியை வேறு எங்கோ நடக்கும் குறைப்புக்குப் பணம் கொடுத்து ஈடுகட்டலாம் என்பது திட்டம். பிறகு அந்த வழி சரிப்படாது என்று கண்டு, 2023-ல் கொள்கையை மாற்றியது. ஈடு வாங்குவதைவிட, தன் வெளியீட்டையே 2045-க்குள் 90 சதவீதம் குறைப்பது என்று முடிவெடுத்தது. அட்ஜஸ்ட்மென்ட் என்ட்ரி போட்டு பேலன்ஸ் ஷீட்டை அழகாக்கலாம், கல்லாவில் பணம் வராது அல்லவா?

இன்னொரு வேடிக்கை. டி.வி.எஸ். ஐக்யூப் தயாராவது ஓசூரில். ஏதர் தொழிற்சாலையும் ஓசூரில். ஓலா தொழிற்சாலை போச்சம்பள்ளியில். எல்லாம் இதே கிருஷ்ணகிரி மாவட்டம். நாட்டுக்கே மின்சார ஸ்கூட்டர் அனுப்பும் மாவட்டத்தில், கல்லூரி பார்க்கிங்கில் எண்ணினால் விரல்விட்டு முடிந்துவிடுகிறது.

அவன் கட்டுரையோடு நிற்கவில்லை. பைக்கில் வரும் சூளகிரிப் பையன்களிடம் ஒரே கேள்வி கேட்டான்: "ஏண்டா பஸ்ல வர மாட்டேங்கிற?" பெரும்பாலோர் சொன்ன பதில் ஒன்றுதான். பஸ் இரண்டேகாலுக்குக் கிளம்பிவிடுகிறது. டேலி வகுப்பு, லைப்ரரி, கிரவுண்ட் எல்லாம் மூன்றரை வரை. வாயுவைப் பற்றியோ காசைப் பற்றியோ யாரும் சொல்லவில்லை. நேரம்தான் பிரச்சினை.

கையெழுத்து வாங்கி, லெட்ஜர் பக்கத்தின் ஜெராக்ஸையும் சேர்த்துக் கொடுத்தார்கள். ஒரு மாதம் சோதனையாக பஸ் மூன்றே முக்காலுக்குக் கிளம்பியது. மாதக் கடைசியில் ஏறியவர்கள் முப்பத்துமூன்று பேர். ஆளுக்கு 1.2 கிலோ. அடுத்த செமஸ்டரில் ரூட் தப்பியது.

போட்டியில் அவனுக்குக் கிடைத்தது ஆறுதல் பரிசு, ஒரு வேப்பங்கன்று. முதல் பரிசு பனிக்கரடிக்குப் போனது :-)

வளர்ந்த மரம் ஒன்று வருடத்துக்கு 20 கிலோ அளவில் கரியமில வாயுவை இழுக்கும் என்று பொதுவாகச் சொல்வார்கள். பஸ் அரை நாளில் விடும் புகை அது. இருந்தாலும் கன்றை அவன் வீசவில்லை. சூளகிரியில் பஸ் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் நட்டிருக்கிறான். தினம் காலையில் தண்ணீர் ஊற்றுவது, ஏழேகால் பஸ்ஸுக்கு முதல் ஆளாக வந்து நிற்கும் அந்தப் பெண்கள்தான்.