அடித்தள அறையில் ஒரு மேசை



எங்கள் வீட்டின் அடித்தள அறையில் பதினொரு பெட்டிகள் இருக்கின்றன. மீன்பிடிக்கிறவர்கள் தூண்டில் முட்களை வகைபிரித்து வைத்துக்கொள்ளும் பிளாஸ்டிக் பெட்டிகள் அவை. ஆனால் அவற்றுள் தூண்டில் முள் ஒன்றுகூட இல்லை. வண்ணம் அச்சிட்ட தடித்த அட்டைத் துண்டுகளே இருக்கின்றன. ஒன்றில் கல் பாவிய தரை, ஒன்றில் இடிந்த சுவர், ஒன்றில் கீழிறங்கும் படிக்கட்டு. எல்லாவற்றின்மேலும் ஓர் அங்குலச் சதுரக் கட்டங்கள். ஜெபிக்க வருகிற சிலர் இவற்றைப் பார்த்துவிட்டு, போதகர் இந்த வயதில் விளையாட்டுச் சாமான் சேர்க்கிறாரா என்று கேட்டிருக்கிறார்கள். நான் சிரித்துப் பேச்சை மாற்றிவிடுவேன். இந்த வாரம் உங்களிடம் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்னும் விளையாட்டின் பெயரை உங்களில் சிலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். சிலர் அச்சத்தோடு கேள்விப்பட்டிருப்பீர்கள். நாங்கள் வசிக்கும் மில்வாக்கியிலிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில் லேக் ஜெனீவா என்ற ஏரிக்கரைச் சிற்றூர் இருக்கிறது. அங்கு வாழ்ந்த கேரி கைகாக்ஸ், காப்பீட்டு நிறுவன வேலையை இழந்தபின் வீட்டிலேயே செருப்புகளைப் பழுதுபார்த்துப் பிழைத்தவர். அவரும் டேவ் ஆர்னெசன் என்பவரும் சேர்ந்து உருவாக்கிய இந்த விளையாட்டு 1974இல் வெளிவந்தது. நான்கைந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி அமர்கிறார்கள். ஒருவர் கதையை நடத்துகிறார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி, தாங்கள் செய்ய நினைப்பதைச் சொல்கிறார்கள். அது கைகூடுமா என்பதை இருபது முகங்கள் கொண்ட பகடை தீர்மானிக்கிறது. பாழடைந்த கோட்டைகளும் நிலவறைகளும் நெருப்பு உமிழும் நாகங்களும் கதையில் வரும். நிலவறையின் முழு வரைபடம் கதையை நடத்துகிறவரிடம் மட்டுமே இருக்கும். கதவைத் திறந்தால்தான் அடுத்த அறை எத்தகையது என்பது மற்றவர்களுக்குத் தெரியவரும்.

அந்த வரைபடத்தை ஒவ்வொரு முறையும் புதிதாக வரைவது எளிதன்று. ஆகையால் 1976இல் கைகாக்ஸின் நிறுவனம் 'ஜியோமார்ஃப்' என்ற பெயரில் வரைபடத் தாள்களை விற்கத் தொடங்கியது. வெட்டியெடுத்து எந்தப் பக்கமாகத் திருப்பிச் சேர்த்தாலும் ஒரு துண்டின் நடைபாதை அடுத்த துண்டின் நடைபாதையோடு சந்திக்கும். அதற்கென்றே வாசல்களை ஓரங்களில் குறித்த இடங்களில் அமைத்திருந்தார்கள். மேசையில் பரப்பி, அதன்மேலேயே சிறு உருவங்களை நகர்த்தத்தக்க வண்ண அட்டைகளை விஸார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனம் 2006இல் வெளியிடத் தொடங்கியது. முதல் தொகுப்பின் பெயர் ஹால்ஸ் ஆஃப் தி ஜயன்ட் கிங்ஸ். ஒரு தொகுப்புக்கு ஆறு தாள்கள், இரு பக்கமும் அச்சு. விளையாட்டின் கணக்கில் ஓர் அங்குலக் கட்டம் என்பது ஐந்து அடி, ஒரு மனிதன் நிற்கும் இடம். எட்டுக்கு எட்டுக் கட்டமுள்ள துண்டை வைத்தால் நாற்பது அடி மண்டபம் உங்கள்முன் விரிந்துவிடும்.

2007இல் என் மகனுக்குப் பதின்மூன்று வயது. அண்டை வீடுகளின் வாசலில் பனி வாரி ஈட்டிய பணத்தில் இத்தகைய மூன்று தொகுப்புகளை அவன் வாங்கியிருந்தான். பள்ளித் தோழர் மூவரோடு சனிக்கிழமைதோறும் அடித்தள அறையில் விளையாடுவான். அவர்கள் சிரிக்கும் ஒலி மாடிவரை கேட்கும். அக்காலத்தில் சபையின் மூத்த சகோதரர் ஒருவர் ஒரு சிறு படப் புத்தகத்தை என் கையில் கொடுத்தார். 1980களில் இந்த விளையாட்டைக்குறித்து அமெரிக்கச் சபைகளிடையே பரவியிருந்த பீதியின் மிச்சம் அது. இதை விளையாடும் பிள்ளைகள் மந்திரவாதத்தில் விழுவார்கள், தங்கள் உயிரையும் மாய்த்துக்கொள்வார்கள் என்று அதில் இருந்தது. நான் பயந்துபோனேன்.

பயந்ததைக் குற்றமென்று இன்றும் நான் நினைக்கவில்லை. விதிப்புத்தகத்தின் ஒரு பக்கத்தையேனும் புரட்டியிருக்கலாம்; புரட்டவில்லை. ஒரு சனிக்கிழமை கீழே இறங்கிச்சென்று அவர்கள் விளையாடுவதைப் பார்த்திருக்கலாம், அதையும் செய்யவில்லை. குப்பை வண்டி வரும் நாளன்று காலை எல்லாவற்றையும் கறுப்புப் பையில் அள்ளிக்கட்டித் தெருவோரத்தில் வைத்தேன். பள்ளிக்குப் புறப்பட்டவன் படியில் நின்று பார்த்தான். காரணத்தைச் சொன்னேன். "சரிப்பா" என்றான். அந்த வாரம் பிள்ளைகளை வளர்ப்பதைப்பற்றிப் பிரசங்கித்தேன். நல்ல செய்தி என்று பலர் கைகுலுக்கினார்கள்.

அவன் முரடனாக மாறிவிட்டான் என்று நீங்கள் எதிர்பார்ப்பீர்கள். மாறவில்லை. ஆராதனைக்கு வந்தான், நன்றாகப் படித்தான், 2012இல் வேறு மாநிலத்தில் கல்லூரிக்குப் போனான். ஆனால் அந்தக் காலைக்குப்பின் தனக்குப் பிடித்த எதையும் அவன் என்னிடம் காட்டியதில்லை. தொலைபேசியில் உடல்நலம், வானிலை, கார் ஆகியவற்றைப்பற்றிப் பேசுவோம். எதை வாசிக்கிறான், யாரோடு பழகுகிறான் என்பதையெல்லாம் அவன் தாயின் வாயிலாகவே அறிந்துகொண்டேன். கீழ்ப்படிதலுள்ள பிள்ளை என்று பிறரிடம் பெருமையாகச் சொல்லியும் வந்தேன்.

2015ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் எங்கள் வெந்நீர்க் கொதிகலன் பழுதாயிற்று. பழையதை நகர்த்தியபோது சுவரோரத்தில் ஓர் அட்டைத் துண்டு கிடந்தது. இரண்டுக்கு இரண்டு கட்டம், படிக்கட்டுப் படம். ஈரத்தில் ஓரம் உப்பியிருந்தது. ஒரு மூலையில் பென்சிலால் 7 என்று எழுதியிருந்தது. அதை என் மேசைக்குக் கொண்டுபோனேன். அன்றிரவு பிரசங்கக் குறிப்பு எழுத இயலவில்லை.

அவனுடைய பழைய தோழன் ஒருவனிடம் விசாரித்து மூன்று தொகுப்புகளின் பெயர்களையும் அறிந்துகொண்டேன். கடைகளில் அவை அப்போது இல்லை. பிறர் பயன்படுத்திய பழைய தொகுப்புகளை வாங்கத் தொடங்கினேன். இவற்றைச் சேர்ப்பதில் உள்ள தொல்லை உங்களுக்குத் தெரிந்திராது. தாளிலிருந்து பிரித்தெடுத்த அட்டைகளில் பெரிய மண்டபங்கள் தொலைவதில்லை. ஒரு கட்டம், இரு கட்ட அளவுள்ள சிறு துண்டுகளே சோபாவின் இடுக்கிலும் வீட்டுநாயின் வாயிலும் போய்விடும். 'முழுத் தொகுப்பு' என்று எழுதி விற்பார்கள். எண்ணிப்பார்த்தால் இரண்டு குறையும். அந்த இரண்டுக்காக இன்னொரு தொகுப்பை வாங்குவீர்கள். அதில் வேறு இரண்டு குறையும். இன்னொரு சிக்கலும் உண்டு. ஒரு பக்கம் கல்தரை, மறுபக்கம் காட்டுப் பாதையாக இருக்கும். இரண்டும் ஒரே ஆட்டத்தில் வேண்டுமென்றால் அதே துண்டு இரண்டு வேண்டும். மூன்று தொகுப்புகள் பதினொரு பெட்டிகளானது இப்படித்தான். இச்சையைப்பற்றி நான் செய்த பிரசங்கம் ஒன்றின் தேதியை என் மனைவி ஒருநாள் நினைவூட்டினாள். நியாயமான குத்தல்.

பின்னர் அந்நிறுவனம் இவ்வகை அட்டைகளைப் பெரிய பெட்டிகளில் மீண்டும் வெளியிட்டபோது, 'மறுபிறவி எடுத்தவை' என்று பொருள்படும் பெயரை வைத்திருந்தது. ஒரு போதகர் அதை வாங்கலாமா என்று யோசித்துச் சிரித்துக்கொண்டேன். வாங்கியும் விட்டேன். டுவார்வன் ஃபோர்ஜ் நிறுவனத்தார் சுவரும் கதவும் எழுந்துநிற்கும் முப்பரிமாண அறைகளைச் செய்கிறார்கள். 2013இல் பொதுமக்களிடம் முன்பணம் திரட்டியபோது அவர்களுக்குப் பத்தொன்பது லட்சம் டாலருக்குமேல் சேர்ந்தது. கைவேலை மிக அழகு. என்றாலும் எனக்குத் தட்டை அட்டையே போதும். சுவரை மனம் எழுப்பிக்கொள்ளும். விலையும் என்போன்றவர்களுக்கு ஏற்றது.

கைகாக்ஸ் 2008இல் இறந்தார். மறு ஆண்டிலிருந்து லேக் ஜெனீவாவில் அவர் நினைவாக மார்ச் மாதத்தில் விளையாட்டுக்காரர்கள் கூடுகிறார்கள். விடுபட்ட துண்டுகளைத் தேடி ஒருமுறை நானும் போனேன். சூனியக்காரர்களைக் காணவில்லை. தாத்தாக்களும் பேரப்பிள்ளைகளும் ஒரே மேசையில் இருந்தார்கள். ஒரு முதியவர் தம் பக்கத்தில் நாற்காலி போட்டு என்னை உட்காரவைத்தார். அவர் மடியில் அட்டைகளை அடுக்கி வைத்திருந்தார்; ஒரு சிறுமி கதவைத் திறப்பதாகச் சொன்ன பிறகே அடுத்த துண்டை மேசையில் வைத்தார். எல்லாவற்றையும் முதலிலேயே பரப்பினால் என்ன என்று கேட்டேன். "அப்புறம் அவள் எதற்கு நடக்கவேண்டும்?" என்றார்.

சென்ற ஆண்டு நன்றியறிதல் நாளுக்கு மகன் தன் மனைவியோடும் கைக்குழந்தையோடும் வந்தான். விருந்துக்குப்பின் அவனைக் கீழே அழைத்துப்போனேன். பெட்டிகளைத் திறந்து பார்த்தான். நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. மன்னிப்பைப்பற்றி நூற்றுக்கணக்கான பிரசங்கங்கள் செய்த நான், "அன்றைக்கு நான் செய்தது தவறு" என்ற நான்கு சொற்களைத் திக்கித்திக்கிச் சொல்லிமுடித்தேன். அவன் தலைகுனிந்து அட்டைகளைப் புரட்டிக்கொண்டிருந்தான்.

"இதுல ஒரு சின்னக் குழி இருக்கும்ப்பா. அது கெடச்சுதா?" என்றான்.

"இல்லப்பா. ரெண்டு வருஷமாத் தேடுறேன்."

படிக்கட்டுத் துண்டை எடுத்து நீட்டினேன். மூலையில் இருந்த 7ஐப் பெருவிரலால் தடவினான். அது ஏழாம் அறையின் எண்ணாம். அந்த அறைக்கு அவர்கள் போகவேயில்லையாம். மறு சனிக்கிழமைக்கு வைத்திருந்தானாம்.

மேசையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தான். நடுவில் படிக்கட்டை வைத்தான். உருவப் பொம்மை எதுவும் என்னிடம் இல்லாததால், தைக்கவேண்டுமென்று பையில் வைத்திருந்த சட்டைப் பொத்தானை அதன்மேல் வைத்தேன்.

"கீழே எறங்கிட்டீங்க. முன்னால ஒரு கதவு. சாத்தியிருக்கு. என்ன செய்றீங்க?"

"தட்டுறேன்" என்றேன்.

பகடையை உருட்டச் சொன்னான். பதினொன்று விழுந்தது. போதும் என்று ஒரு மண்டபத்தை எடுத்துவைத்தான். மூன்றாவது அறைக்குப் போவதற்குள் மேலே குழந்தை விழித்து அழுதது. அட்டைகளைக் கலைக்காமல் அப்படியே விட்டுவிட்டு இருவரும் படியேறினோம்.