ஆறாவது ஆள்

"அம்மா, ஆன்ட்டி ஊர் மேப்ல எங்க இருக்கு?"

என் மகள் கேட்டபோது எனக்குப் பதில் தெரியவில்லை. அவள் பிறந்ததிலிருந்து, எட்டு வருஷமாக, சிங்கப்பூரில் எங்கள் வீட்டிலேயே தங்கி அவளை வளர்ப்பவர் ஆன்ட்டி. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை அவருடைய வொர்க் பெர்மிட்டை நான்தான் புதுப்பிக்கிறேன். பிலிப்பைன்ஸ், கிழக்கு சாமார் மாகாணம், கிவான் என்று ஒவ்வொரு முறையும் டைப் செய்திருக்கிறேன். ஆனால் வரைபடத்தில் விரல் வைக்கத் தெரியவில்லை. வெட்கமாகத்தான் இருந்தது. ஜூன் விடுமுறைக்கு ஆன்ட்டி ஊருக்குக் கிளம்பியபோது நாங்களும் கூடவே கிளம்பிவிட்டோம்.

சிங்கப்பூரிலிருந்து செபு, அங்கிருந்து இன்னொரு விமானத்தில் தாக்லோபான். அது லெய்டே தீவில் இருக்கிறது. 1973-இல் திறந்த சான் ஹுவானிகோ பாலம், இரண்டு கிலோமீட்டருக்குச் சற்று அதிக நீளம், நம்மைச் சாமார் தீவில் கொண்டுபோய் விடும். பிறகு வேனில் தெற்குக் கரையை ஒட்டியே நாலு மணி நேரம். ஒரு பக்கம் தென்னை, மறு பக்கம் கடல். பாதித் தூரத்தில் என் மகள், "இது பாட்டி ஊரா?" என்று கேட்டாள். பட்டுக்கோட்டைப் பக்கம் ஒரே ஒரு தடவை போயிருக்கிறாள். தென்னந்தோப்பு என்றால் அவளுக்கு அதுதான்.

சாமார் தீவின் தென்கிழக்கு மூலையில், கடலுக்குள் நீட்டிய விரல் மாதிரி இருக்கிறது கிவான். மேற்கே லெய்டே வளைகுடா, குளம் மாதிரி அமைதி. கிழக்கே பசிபிக் பெருங்கடல், நேரே வந்து மோதும் அலை. கலிகோவான் தீவில் அந்த அலைக்காகவே சர்ஃபிங் பலகையோடு ஆட்கள் வருகிறார்கள். 1521 மார்ச்சில் மகெல்லனின் கப்பல்கள் வந்து தங்கிய ஹோமோன்ஹோன் தீவும் இந்த நகராட்சிக்குள்தான்.

நகராட்சி என்றதும் பெரிய டவுன் என்று நினைக்க வேண்டாம். நம் ஊர் ஒன்றியம் மாதிரி. நடுவில் தேவாலயம், சந்தை, படகுத்துறை. சுற்றிலும், தீவுகளையும் சேர்த்து, 60 பராங்காய். பராங்காய் என்பது அங்கே ஊராட்சி போன்ற மிகச் சிறிய நிர்வாகப் பிரிவு. மீன்பிடியும் தேங்காயும்தான் முக்கியத் தொழில். தென்னங்கள்ளை 'துபா' என்கிறார்கள். மரப்பட்டை சேர்ப்பதால் சிவப்பாக இருக்கும். தேங்காய்ப்பால் ஊற்றிய மீன் குழம்பைச் சோற்றில் பிசைந்தபோது, "நம்ம வீட்டுக் குழம்புல புளியை மறந்துட்டாங்க போல" என்றார் என் கணவர்.

அங்கே பேசும் மொழியின் பெயர் வாராய். அந்த மொழியில் 'வாராய்' என்றால் 'இல்லை' என்று அர்த்தம். நம் தமிழில் 'வா' என்று அர்த்தம். இதை ஆன்ட்டியிடம் சொன்னேன். அவர் சிரித்தார்.

2020 கணக்கெடுப்பில் கிவானின் மக்கள்தொகை 53,361. நாங்கள் இருக்கும் யீஷூனில் இரண்டு லட்சம் பேருக்கு மேல். ஆனால் நிலப்பரப்பில் கிவான் சிங்கப்பூரின் நாலில் ஒரு பங்கு இருக்கும். அவ்வளவு இடம், இவ்வளவு குறைவான ஜனம். அப்புறம் ஏன் இத்தனை பேர் ஊரை விட்டுப் போகிறார்கள்?

ஆன்ட்டி வீட்டில் அதற்கு ஒரு தேதி சொன்னார்கள்: 2013 நவம்பர் 8. விடியற்காலை 4:40-க்கு ஹையான் புயல் முதன்முதலில் கரையேறிய இடம் கிவான். அங்கே அதற்கு யோலாண்டா என்று பெயர். நாடு முழுவதும் 6,300 பேர் இறந்ததாக அரசுக் கணக்கு. ஸ்பானியர் காலத்துத் தேவாலயத்தின் கூரையே போய்விட்டது. ஆன்ட்டி வீட்டில் சுவர் போனது, படகு போனது, தோப்பு மொத்தமாகச் சாய்ந்தது. வீட்டை ஒரு வருஷத்தில் கட்டிவிடலாம். படகைக் கடன் வாங்கி வாங்கலாம். புதுத் தென்னை காய்க்க ஆறேழு வருஷமாவது ஆகுமே! 2015-இல் அவர் சிங்கப்பூருக்கு வந்தார். அப்போது அவர் மகளுக்கு மூன்று வயது.

மறுநாள் பாலம் வழியாகத் துபாபாவ் தீவுக்குப் போனோம். 1949-இல் ஷாங்காயிலிருந்து தப்பி வந்த ரஷ்ய அகதிகள் ஐயாயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு இடம் கொடுத்த தீவு இது. அப்போதுதான் போரிலிருந்து மீண்டுகொண்டிருந்த ஒரு நாடு, கூடாரம் அடித்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறது. அவர்கள் பிறகு ஆஸ்திரேலியா, அமெரிக்கா என்று போய்ச் சேர்ந்தார்கள். எல்லாம் இழந்து வந்தவர்களுக்கு இடம் கொடுத்த ஊரிலிருந்து, இப்போது ஊர்க்காரர்களே கிளம்பிப் போகிறார்கள்.

அன்று சாயங்காலம் ஆன்ட்டி வீட்டுக் கதவில் வெளுத்துப்போன ஒரு ஸ்டிக்கரைப் பார்த்தேன். கணக்கெடுப்புக்கு வந்தவர்கள் ஒட்டியது. எண்ணைப் பார்த்தால் அதற்குள் என்ன இருக்கிறது என்று தோண்டுவது என் தொழில் புத்தி. "உங்க வீட்டுல எத்தனை பேர்னு சொன்னீங்க?" என்று கேட்டேன்.

"ஆறு" என்றார் ஆன்ட்டியின் அம்மா.

தாத்தா, பாட்டி, ஆன்ட்டியின் கணவர், மகள், தம்பி. ஐந்துதானே?

பாட்டி, ஆன்ட்டியைக் கை காட்டினார். பிலிப்பைன்ஸில் வெளிநாட்டு வேலைக்குப் போனவர், கிளம்பி ஐந்து வருஷத்துக்குள் திரும்புவார் என்றால், அந்த வீட்டு ஆளாகவே கணக்கில் வருவார். கணக்கெடுத்த அந்த 2020-இல் ஆன்ட்டி எங்கள் வீட்டில், கொரோனாவால் ஊருக்குப் போக முடியாமல், என் மகளுக்கு ஷூ லேஸ் கட்டச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். அந்த 53,361-இல் அவரும் ஒருவர்.

எனக்கு என் அப்பா நினைவுக்கு வந்தார். சிங்கப்பூர் வந்து பல வருஷம் ஆன பிறகும் ஊரில் அப்பாயி வைத்திருந்த ரேஷன் கார்டில் அவர் பெயர் இருந்தது. எடுக்கச் சொன்னால் அப்பாயிக்குக் கோபம் வரும்.

கடைசி நாள் ராத்திரி இரண்டு பிள்ளைகளும் திண்ணையில் உட்கார்ந்து ஆங்கிலத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். என் மகள், "உங்க அம்மா எனக்கு டெய்லி எட்டு மணிக்கு வாராய்ல பாட்டுப் பாடித்தான் தூங்க வைப்பாங்க" என்றாள்.

அந்தப் பெண் சாதாரணமாகச் சொன்னாள்: "தெரியும். எட்டு மணிக்கு நான் கூப்பிட்டா எடுக்க மாட்டாங்க. அது உன் டைம்."

கோபமே இல்லை. டைம்டேபிள் சொல்வது போலத்தான் சொன்னாள். சிங்கப்பூரும் கிவானும் ஒரே நேரம். அங்கே எட்டு என்றால் இங்கேயும் எட்டு. வேலையெல்லாம் முடித்து ஆன்ட்டி பத்து மணிக்குப் போனை எடுக்கும்போது இந்தப் பிள்ளை தூங்கியிருக்கும். ஒன்பது வருஷமாக. நானும்தான் பக்கத்து அறையில் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தேன். ஒரு நாளும் யோசிக்கவில்லை.

கிளம்பும்போது என் மகள் பாட்டியிடம் "சலாமத்" என்று நன்றி சொன்னாள். பாட்டி அவளைக் கட்டிக்கொண்டார். எனக்குப் பெருமையாக இருந்தது, கொஞ்சம் வலிக்கவும் செய்தது. சொந்தப் பாட்டியிடம் இவளுக்கு ஒரு முழு வாக்கியம் தமிழில் வராது.

நீங்களும் போவதாக இருந்தால், நவம்பரிலிருந்து ஜனவரி வரை தவிர்த்துவிடுங்கள்; மழை அதிகம். தேவாலயத்தில் சுவரிலும் கூரையிலும் சிப்பி பதித்த ஞானஸ்நான அறையைப் பார்க்காமல் வராதீர்கள். உங்கள் வீட்டிலும் ஒரு ஆன்ட்டி இருந்தால், அவர் ஊர் எங்கே என்று பிள்ளைகளோடு உட்கார்ந்து மேப்பில் தேடுங்கள்.

இப்போது எங்கள் வீட்டில் எட்டிலிருந்து ஒன்பது வரை ஆன்ட்டியின் நேரம். கதவைச் சாத்திக்கொண்டு போனில் பேசுவார், சிரிப்புச் சத்தம் கேட்கும். மகளைத் தூங்க வைப்பது நான். எனக்குப் பாட்டு வராது. அப்பா சொன்ன ஊர்க்கதைகளை, தடுமாறித் தடுமாறி, தமிழில் சொல்கிறேன். நேற்று நடுவில் ஒரு வார்த்தை எனக்கே வரவில்லை. "பரவாயில்லம்மா, நாளைக்கு அப்பாயிகிட்ட கேட்டுட்டு சொல்லு" என்று தமிழிலேயே சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.